கன்னிப்பெட்டிப் பாவாடை

"பிள்ளைக்கு என்ன வயசுக்கா?"

இதைத்தான் கேட்டாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபட்டு மூன்றாவது மாடி ஏறி, பாவாடை சட்டை காட்டு என்று வந்து நிற்பவளிடம் வேறு எதைக் கேட்பாள்? பாவம், பத்தொன்பது இருபது வயதுப் பெண். கழுத்து அட்டையில் மரகதம் என்று போட்டிருக்கிறது. காலையிலிருந்து நின்ற காலோடு நின்று இதே கேள்வியை இருநூறு பேரிடம் கேட்டிருப்பாள், இருநூறு பேரும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லியிருப்பார்கள். பெற்றவளுக்குப் பிள்ளையின் வயது தெரியாமல் இருக்குமா? எனக்கும் தெரியும். ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால், வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். ஏழு என்று சொன்னால் மரகதம் இடது பக்கத் தட்டிலிருந்து ஒரு கட்டை இறக்குவாள். பத்து என்று சொன்னால் வலது பக்கத் தட்டிலிருந்து இறக்குவாள். ஆலங்குளத்தில் பஸ் ஏறியதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பாவூர்சத்திரம் வரைக்கும் ஏழு என்று நினைத்தேன். அங்கே ஆள் ஏறும்போது பத்து என்று நினைத்தேன். தென்காசியில் இறங்கிக் கடை வாசலுக்கு வந்து, இவர் கீழேயே சோபாவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதும் ஏழும் போச்சு, பத்தும் போச்சு. "நீங்க போய் எடுத்துட்டு வாங்க, எனக்கு மேல ஏற முடியாது" என்றார். லோடு ஆட்டோவில் அரிசி மூட்டை ஏற்றி இறக்குகிற மனுஷனுக்குப் படியேற முடியவில்லையாம். லிப்ட் வேறு இருக்கிறது.  என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னவள் கோமுவை மரகதம் ஒரு பார்வை பார்த்தாள். "இந்தப் பாப்பாவுக்காக்கா?"  "இவளுக்கு இல்ல" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் கவுன் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "பின்ன யாருக்குக்கா?" "மூத்தவளுக்கு." "சரிக்கா, மூத்த பாப்பாவுக்கு என்ன வயசு?" பிடித்த பிடியை விடமாட்டாள் போலிருக்கிறது.

மூத்தவள் உலகு. உலகம்மாள் என்று இவருடைய ஆச்சி பேரைத்தான் வைத்தோம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் ஒரு மாதிரிச் சிரித்தாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேரா என்று. உலகு மட்டும் சிரிக்கவில்லை, "மிஸ், எம்பேருக்குள்ள எல்லா ஊரும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படி ஒரு வாய். அந்த வாய்க்கு வயது ஏழு முடிந்து நாலு மாதம். அதோடு வயது நின்றுபோய், வரும் ஐப்பசி வந்தால் மூன்று வருஷம். இப்போது அவளுக்கு வேண்டியது பெட்டியில் வைக்க ஒரு பாவாடை சட்டை. இதை மரகதத்திடம் எப்படிச் சொல்வது? அவளும் இந்தப் பக்கத்துப் பெண்ணாகத்தான் இருப்பாள், சொன்னால் புரியும். எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல், பெரிய மனுஷி ஆகாமல் போய்ச்சேர்ந்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னி. சாமி மாதிரி. சின்ன ஓலைப்பெட்டி வாங்கி, அதில் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி, சீப்பு, வளையல், ரிப்பன், எல்லாம் வைத்துச் சாமி தட்டில் ஏற்றிவிட வேண்டும். ஆடிக் கடைசிச் செவ்வாய் படையல் போட்டு, பழைய துணியை வெளியே எடுத்துப் புதுத்துணியை வைக்க வேண்டும். எடுத்த துணியை வீட்டில் இருக்கிற சின்னப் பெண்ணுக்குப் போட்டு அழகு பார்க்க வேண்டும். அதுதான் வழக்கம். கன்னிக்கு மனம் குளிருமாம். இவருடைய அக்கா, எங்கள் மதினி பிச்சம்மா, அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், இதையெல்லாம் விரல்விட்டுச் சொல்லுவாள். போன ஆடியில் கோமுவுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. வெறும் சளிக்காய்ச்சல். ஆனால் எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் அது காய்ச்சல் இல்லையே. இவர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினார். மதினி நேரே குறிகாரியிடம் போய்விட்டு வந்தாள். "வீட்டுப் பிள்ளை நெலைய விட்டுப் போவாம நிக்கா, உடுத்தத் துணி கேக்கா" என்று சொன்னாளாம். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கேள்வி கேட்டிருப்பேன், என் பிள்ளை என்னிடம் கேட்காமல் யாரோ ஒரு குறிகாரியிடமா துணி கேட்பாள் என்று. கேட்கவில்லை. கோமு கட்டிலில் கிடந்தாள். அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்வேன். இவர் போய்த் துணி எடுத்து வந்தார். கிளிப்பச்சைப் பாவாடை, அரக்குச் சட்டை. கடையில் வயது கேட்டார்களாம், ஏழு என்றாராம், கொடுத்துவிட்டார்களாம். எவ்வளவு சுலபம். ஆனால் அன்றைக்குக் கோமுவுக்கு ஆறு. இப்போது கோமுவுக்கு ஏழு. வருகிற செவ்வாய்க்கிழமை அந்த ஏழு வயதுப் பாவாடையை எடுத்து என் ஏழு வயதுப் பிள்ளைக்குப் போடப் போகிறார்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

இங்கே குளிர் அதிகம். ஏசியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். புதுத்துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறுகிறது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைப் பொம்மைக்குப் பாவாடை சட்டை உடுத்தி நிறுத்தியிருக்கிறார்கள். முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை, வழவழவென்று இருக்கிறது. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் நிற்க வேண்டும் என்று நினைத்து நினைத்து அதையேதான் பார்க்கிறேன். ஏழு வயது உயரம். உலகு இந்தத் தூணுக்கு இந்த உயரம்தான் வருவாள். கடைசியாக அவள் உடுத்தியிருந்தது நீலப் பாவாடை, நானே தைத்தது. மூன்று மடிப்புப் பிடித்துத் தைத்தேன். வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வரும் என்று கணக்கு. ஒரு மடிப்புத்தான் பிரித்தேன். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. "அம்மா, இங்க மட்டும் பாவாட புதுசா இருக்கு" என்றாள். மீதி இரண்டு மடிப்பும் தையல் பிரியாமல் பீரோவில் இருக்கிறது. ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பிரித்துப் பார்ப்போமே, இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று. முடியவில்லை. அந்த நீலப் பாவாடையைத்தான் அன்றைக்கு உடுத்திவிட்டேன். நாலு நாள் காய்ச்சல். நாலாம் நாள் விடிகாலையில் நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. நான் இவரை எழுப்பினேன். "ஏங்க, ஜுரம் விட்டுட்டுங்க, ஜுரம் விட்டுட்டு." அந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொன்னேன். பால்காரரிடம், பக்கத்து வீட்டு ராஜாத்தியிடம், போனில் என் அம்மாவிடம். வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றினேன். நாலு நாள் அழுக்கு, நாலு நாள் வேர்வை, தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவள் சிணுங்கினாள், "தல சுத்துதும்மா, நாளைக்கு ஊத்தும்மா" என்றாள். பேசாம நில்லுட்டி என்றேன். நில்லுட்டி. அதட்டித்தான் சொன்னேன். குளிப்பாட்டி, துவட்டி, ரசம் சோறு ஊட்டி, நீலப் பாவாடை உடுத்தி உட்கார வைத்தேன். ஈரத் தலையோடு பாத்ரூமிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்து வந்தாள். தரையெல்லாம் ஈரக்கால். அதையும் திட்டினேன். சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றாள். கை கால் சில்லிட்டுப் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள், "கொசுக் காய்ச்சல்ல ஜுரம் விட்ட அன்னைக்குத்தாம்மா ரொம்பக் கவனமா இருக்கணும்" என்று. நாங்கள் அன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தோம். வீட்டில் ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் குளிப்பாட்டினாய் என்று இவர் ஒரு தடவை கேட்டிருந்தால் நானும் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். கேட்கவே இல்லை. தண்ணீரைக் கண்டால் கொட்டுவார், அவ்வளவுதான். மழை பெய்து விட்டதும் கிளம்பிவிடுவார். வீட்டுத் தொட்டி, பானை, பூத்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, பிறகு ராஜாத்தி வீட்டு வாளி, தெருவில் கிடக்கிற சிரட்டை, பஞ்சர் கடை டயர் வரைக்கும் குனிந்து குனிந்து கவிழ்ப்பார். ஊருக்குள் அவருக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். உலைமூடியால் ஊர்வாயை மூட முடியுமா? போகட்டும். அவருக்குக் கவிழ்க்க ஒரு டயராவது இருக்கிறது.

"அக்கா, நீங்க சொன்னாத்தான் எடுக்க முடியும். பின்னால ஆளு நிக்காங்க." மரகதம் பொறுமையாகத்தான் சொல்கிறாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கோமுவின் கை என் கையில் வியர்த்திருக்கிறது, இந்தக் குளிரிலும். நல்ல சூடு. காய்ச்சல் சூடு இல்லை, வியர்வைச் சூடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறேனோ, தூங்கும்போது, சாப்பிடும்போது, வாய்ப்பாடு சொல்லும்போது. இப்போதெல்லாம் நான் கையைத் தூக்கினாலே நெற்றியைக் காட்டிவிடுகிறாள். ஏழு என்று சொன்னால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் வெளியே எடுக்கும்போது கோமுவுக்கு எட்டு, அது சேராது. அது நல்லதுதான். ஆனால் பெட்டிக்குள் இருப்பவளுக்கு? பத்து வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பாவாடைக்குள் போட்டுப் பூட்டி வைப்பதா? பத்து என்று சொன்னால்? அவள் வளர்கிறாள் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. எங்கள் வீட்டுக்குள்ளேயே, எங்கள் கண்ணுக்குத் தெரியாமல், சாப்பிட்டு, தூங்கி, வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்று. வளர்கிற பிள்ளைக்குத் துணியும் சீப்பும் மட்டும் போதுமா? விளையாட ஆள் வேண்டாமா? உலகுக்குத் தனியாக விளையாடவே வராது. வாசலில் வட்டுக் கோடு போட்டுவிட்டு, "ஏட்டி கோமு, வாட்டி, வாட்டி" என்று கத்திக்கொண்டே இருப்பாள். நாலு வயதுப் பிள்ளை, நொண்டக்கூடத் தெரியாது, தூக்கி வைத்துக்கொண்டு அவளே நொண்டுவாள். இப்போது கோமுவுக்கும் ஏழு வந்துவிட்டது. நன்றாக நொண்டுவாள். இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பெத்த பிள்ளைக்குப் பயப்படுகிற தாய் உண்டா? உண்டு. இந்தா நிற்கிறேனே. நெஞ்சைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே அவள்தான் இருக்கிறாள், ஆனால் மத்தியானத்தில் வீட்டுக்குள் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. சும்மா வந்த பயம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ரேஷன் கடையில் நின்று பாமாயில் வாங்கிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மதினி முன்னறையில் பேனுக்கு அடியில் பாயை விரித்துத் தூங்குகிறாள். கோமு ராஜாத்தி வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தாள், நான்தான் அனுப்பிவிட்டுப் போனேன். உள்ளே போனால், பாத்ரூம் வாசலிலிருந்து சாமி தட்டு வரைக்கும் ஈரக்கால். சின்னச் சின்னக் கால். பெருவிரல், மற்ற விரல், குதிகால், எல்லாம் அச்சாகத் தெரிகிறது. போன கால்தான் இருக்கிறது, திரும்பி வந்த கால் இல்லை. நான் பாமாயில் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு முட்டி போட்டு என் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு காலாகத் துடைத்தேன். துடைக்கும்போது திட்டவில்லை. இந்தத் தடவை திட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இது பட்டப்பகலில் கண்டது.

துடைத்து முடித்துக் காபி போடுகிறேன், மதினி எழுந்து வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் வேர்த்திருக்கிறது. "ஏ பொன்செல்வி, ஒம்மவ வந்தாட்டி" என்றாள்.  "கெனாவுல வந்தா. நம்ம வச்ச அந்தக் கிளிப்பச்சைப் பாவாடைய உடுத்திட்டு என் தலமாட்டுல வந்து நிக்கா. தலைய விரிச்சுப் போட்டுருக்கா. 'அத்த, கட்டையா இருக்கு பாருங்க'ன்னு பாவாடைய இழுத்து இழுத்துக் காட்டுதா. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், தாயே, இந்த வருசம் பெருசா எடுத்துத் தாரோம்னு சொன்னேன். சிரிச்சிட்டே போயிட்டா. பிள்ள வளந்துட்டாட்டி, பெருசா எடுக்கணும்." சொல்லிவிட்டு மதினி அழுதாள். நான் அழவில்லை. எனக்குப் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்தது, இப்போது சொல்வதற்கென்ன, பொறாமைதான். மூன்று வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் கனவில் வந்தாளா? தலையணைக்கு அடியில் அவள் ரிப்பனை வைத்துப் படுத்துப் பார்த்தேன். சாப்பிடாமல் படுத்தால் கனவு வரும் என்றார்கள், பட்டினி கிடந்து பார்த்தேன். வருவது எல்லாம் பஸ்ஸைத் தவற விடுகிற கனவு, பல் விழுகிற கனவு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது இதற்குத்தானா? மதினி அவளுக்கு என்ன செய்தாள்? காது குத்தியபோது கம்மல் போட்டாள், சரி. பத்து மாதம் சுமந்தது யார்? ஆனால் கேள்வியைக் கேட்கும்போதே பதிலும் வந்துவிடும். தலை சுத்துது என்று சொன்னவளைப் பேசாமல் நில் என்றது யார்? அவள் என்னிடம் ஏன் வருவாள்? வந்தால் மறுபடியும் தண்ணீரை ஊற்றுவேன் என்று பயந்திருப்பாள். நான் அவளுக்குப் பயப்படுகிறேன், அவள் எனக்குப் பயப்படுகிறாள், நடுவில் ஒரு ஓலைப்பெட்டி. இதுதான் எங்கள் குடும்பம். அந்தச் சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பாவாடையைத் திருடி அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஸ்டூலைப் போட்டுப் பெட்டியில் கையும் வைத்துவிட்டேன். வைத்த கை எடுக்க முடியவில்லை. உள்ளே இருப்பது அவள் துணி.

"சரிக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன்" என்கிறாள் மரகதம். பாவம், எனக்கு உதவி செய்கிறாளாம். "வயசு கரெக்டா தெரியலன்னா இந்தப் பாப்பாவுக்கு வச்சிப் பாப்போம். மூத்தது இதவிட எவ்வளவு ஒசரம்னு சொல்லுங்க." சொல்லிக்கொண்டே இடது பக்கத் தட்டிலிருந்து ஒரு மஞ்சள் பாவாடையை உருவி உதறி, குனிந்து, கோமுவின் இடுப்பில் வைத்துவிட்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. பாவாடை தரையில் கிடக்கிறது, மரகதம் கையை உதறிக்கொண்டு நிற்கிறாள், கோமுவை நான் என் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறேன். கவுன் பார்த்துக்கொண்டிருந்தவள் தன் பிள்ளையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவளுக்கு வைக்காதன்னு சொன்னேம்லா!" என் குரல்தான். மூன்றாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அளவுக்குத்தானக்கா வச்சேன்" என்றாள் மெதுவாக. எனக்கு மூச்சு வாங்குகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும், வாய் வரவில்லை. அப்போது என் வயிற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் கோமு பேசினாள். "அந்தச் சைசு கட்டையா இருக்கும்மா. எனக்கே கட்டையா இருக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியில இருக்கது எனக்குக் கட்டையாத்தான இருந்துச்சு."

"எந்தப் பெட்டியிலட்டி?"

அவள் என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அடி விழுமா விழாதா என்று அளக்கிற பார்வை. உலகுவும் இப்படித்தான் பார்ப்பாள், ஒரு கண்ணைக் கொஞ்சம் சுருக்கி. "அக்கா பெட்டியில. போட்டுப் பாத்தேன். நீ ரேஷனுக்குப் போனேல்ல, அன்னைக்கி. ராஜாத்தி அத்த வீட்டுல கரண்டு இல்லம்மா, அதான் வந்துட்டேன். சாமி பெட்டிய அழுக்குக் காலோட தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன? காலக் கழுவிட்டுத்தான் ஸ்டூல்ல ஏறித் தொட்டேன்." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பிச்சம்மா அத்தகிட்டக் காட்டுனேம்மா, கட்டையா இருக்கு பாருங்கன்னு. அத்த கண்ணத் தொறந்து பாத்துட்டு என்னையப் பாத்துக் கும்புடுதா. தாயேங்கா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஓடிப் போயிக் கழத்தி மடிச்சு வச்சிட்டுத் திரும்ப ராஜாத்தி அத்த வீட்டுக்கே போயிட்டேன். நல்லா மடிச்சுத்தான் வச்சேன்."

நான் அங்கேயே, துணிக்கட்டுகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரகதம் பயந்துபோய் "அக்கா, தண்ணி கொண்டாரட்டா?" என்கிறாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. ஏழு வயதுப் பாவாடை கட்டை. என் பிள்ளைக்கு ஏழு கட்டை. அவள் அதைப் போட்டு, கழற்றி, மடித்தும் வைத்துவிட்டு மூன்று வாரமாகச் சோறு தின்றுகொண்டு, வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு, என் கண் முன்னால் திரிந்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. நான் செவ்வாய்க்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன், அது சனிக்கிழமையே முடிந்துபோயிருக்கிறது. நெஞ்சில் இருந்த கல் இறங்குகிறது, இறங்கும்போதே இன்னொன்று புரிகிறது, புரிந்ததும் அந்தக் கல் இருந்திருக்கலாமே என்று ஆகிவிட்டது. அந்த ஈரக்கால் உலகுவுடையது இல்லை. மதினியின் தலைமாட்டில் வந்து நின்றது அவள் இல்லை. பெரிய பாவாடை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வளரவில்லை. மதினியிடமும் வரவில்லை, என்னிடமும் வரவில்லை. மூன்று வாரம் அவள் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று நடுங்கினேனே, அந்த மூன்று வாரமும் அவள் இருந்தாள். இப்போது இல்லை. பயந்துகொண்டே வைத்திருந்தேன், உலகு, பயந்துகொண்டாவது உன்னை வைத்திருந்தேன். ஈரக்காலைத் துடைக்கும்போது ஒரு கால் மட்டும் துடைக்க மனம் வராமல் கடைசி வரைக்கும் விட்டு வைத்திருந்தேன், அது தானாகக் காயட்டும் என்று. அது கோமு கால். சரி. அதுவும் என் பிள்ளை கால்தான்.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பொம்மை வெறும் பொம்மையாக நிற்கிறது, விலைச்சீட்டு காதில் தொங்குகிறது. மரகதத்தின் கையைப் பிடித்தேன். "கோவிச்சுக்கிடாத தாயி. மூத்தவ இல்ல. கன்னிப்பெட்டியில வைக்கதுக்கு" என்றேன்.  அவள் கீழே கிடந்த மஞ்சள் பாவாடையை எடுத்து, தட்டி, மடித்தாள். "எங்க வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்குக்கா. எனக்கு முன்னால பொறந்தவ" என்றாள். பிறகு அதே பழைய கேள்வி, ஆனால் குரல் வேறு. "என்ன வயசுக்கு எடுக்கட்டும்?"

கோமு முந்திக்கொண்டாள். தன் தலைக்கு மேலே கையைத் தூக்கி, குதிகாலை எக்கி, காற்றில் ஓர் இடத்தில் உள்ளங்கையைப் படுக்கப் போட்டுக் காட்டினாள். "எங்கக்கா இம்புட்டு ஒசரம் இருப்பா. எப்பவும் என்னவிட ஒசரம்." நான் அந்தக் கையையும் அதற்குக் கீழே இருந்த இடத்தையும் பார்த்தேன். ஒரு சாண் காற்று. யாரும் கேட்கவில்லை, எந்தக் கனவிலும் வந்து யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எடுக்கிறேன். "பத்து" என்றேன்.  மரகதம் வலது பக்கத் தட்டிலிருந்து ஒரு நீலப் பாவாடையை இறக்கி விரித்தாள். நல்ல துணி. நான் கீழ் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன், மடிப்பைப் பிரித்துவிட உள்ளே இரண்டு விரல்கடை துணி இருந்தது. கோமு அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. பாவாடை அவள் காலைத் தாண்டித் தரையில் கிடந்தது.

"அடுத்த வருசம் எனக்கா?"

"அடுத்த வருசம் சேராதுட்டி. இது போட நீ பத்து வயசு ஆவணும்."

"ஆவேன்லா" என்றாள் கோமு, லிப்ட் கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டே. "அப்பா தேடுவாங்க. சீக்கிரம் பில்லு போடச் சொல்லும்மா."